காதுப்பாம்பு

என் புருஷன் காதில் பாம்பு போய்விட்டது என்று எங்கள் கூலிக்காரர் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்தவள் பார்வதம்மா. பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மூங்கில் தட்டிதான் மறைப்பு. எங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் அவள் வீட்டில் தும்முவார்கள். அவ்வளவு பக்கத்தில் இருப்பவள் சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள்?

அவள் பார்த்தது என்னவோ உண்மைதான். மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் தரை ஊறிப்போய், அடுப்பு மூலையிலிருந்து ஒரு காதுப்பாம்பு வெளியே வந்தது. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. மண்புழு பருமன், கரும்பழுப்பு, எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு. தலை எது வால் எது என்று சட்டென்று தெரியாது. அவர் ஷிப்ட் முடித்து வந்து தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பெயர் சின்னசாமி. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள். ஒரு தடவை சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது. நெருப்பு வாங்க வந்த பார்வதம்மா, பாம்பு அவர் தலைமாட்டில் நெளிவதைப் பார்த்து வீடே அதிரும்படி கத்தினாள். நான் வெளியிலிருந்து ஓடி வந்தேன். அடுத்த வரிசை வீட்டிலிருந்துகூட ஆள் ஓடி வந்தது. அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"இவ்ளோ கத்தறேன், மனுசன் அசையலியே. ஒண்ணு ஏற்கெனவே உள்ள போயிருக்கு கங்கம்மா. இது ரெண்டாவது," என்றாள்.

காதுப்பாம்பு தரையில் தூங்குகிறவன் காதைத் தேடி நுழையும், உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும், அப்புறம் அவனுக்கு ஒன்றும் கேட்காது. எங்கள் பக்கத்து ஜனங்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. நானும் சின்ன வயதில் காதில் துணியை அடைத்துக்கொண்டு தூங்கியவள்தான்.

ஆனால் அவருக்குக் காது போனது அன்றைக்கு இல்லை. மாசி மாதத்திலிருந்தே எனக்குத் தெரியும். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்து நானும் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் அவருக்குப் பின்னால் நின்று செம்பைக் கீழே போட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. அன்றைக்கு அழுதேன். கையைக் காட்டிக் கேட்டபோது, "வெடிச் சத்தம் மே. தானா சரியாப் பூடும். வெளிய சொல்லாதே," என்றார்.

வெளியே சொன்னால் வேலை போய்விடும். அவர் வேலை அப்படி.

எங்கள் தங்க மைனில் அப்போது புதிதாக ஒரு ஷாப்ட், கிணறு போல நேராகக் கீழே போகிற குழி, இறக்கிக்கொண்டிருந்தார்கள். நூறடி போயிருந்தது. ஆறு பேர் ஏணியில் இறங்கி, உளியும் சம்மட்டியும் வைத்துப் பாறையில் துளை போடுவார்கள். துளையில் வெடிமருந்தை அடைத்துத் திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஓடி வருவார்கள். மேஸ்திரி வெடிகளை எண்ணுவார். எட்டுத் துளை என்றால் எட்டு வெடி வர வேண்டும். ஒன்று குறைந்தால், ஒன்று கீழே வெடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது தெரியாமல் இறங்கி அதன் மேல் உளியை வைத்தவனைச் சாக்கில்தான் அள்ளி மேலே கொண்டுவர வேண்டும்.

எண்ணுவது மேஸ்திரி ஒருவர்தான். வேறு யாராவது எண்ணினால் கூட்டாளிகளின் உயிரை எண்ணுகிறான் என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் மற்றவர்கள் காதில் விரலை விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நிற்பார்கள். இதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது. கீழேயிருந்து வாளியில் வரும் கல்லைக் கூடையில் சுமந்து கொட்டுகிற பெண்களில் நானும் ஒருத்தி.

மேஸ்திரி பெயர் மரியகுழந்தை. வேதக்காரர். சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பூட்ஸை வெயில் மழை எதிலும் கழற்ற மாட்டார். பக்கத்தில் நிற்பவனிடம் பேசினாலும் அந்தக் கோடியில் இருக்கிற மைசூர் மைன்ஸ் வரைக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவார். பாம்புக் கதை காதில் விழுந்த அன்றே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"காதுல பாம்பு கீறவனுக்கு பெல்லு கேக்குமா, ஆளு கூப்டா கேக்குமா? பாம்பு வெளிய வர்ற வரைக்கும் சின்னசாமி எறங்க வேணாம். ரெண்டு ஞாயிறு போவட்டும். அதுக்கு அடுத்த திங்கக்கெழம வேற ஆளப் போட்டுக்குவேன். வூட்டையும் காலி பண்ணிக்குங்க."

"பாம்பு இல்ல மேஸ்திரி. வெடியாலதான் போச்சி," என்றேன்.

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாம்புதான்," என்று கத்திவிட்டுப் போனார்.

வேலை போனால் எங்கே போவது? குடியாத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே ஒரு பண்ணையில் என் மாமனார் கைகட்டி நின்றார், அவர் அப்பா நின்றார். பவுரிங்பேட்டையிலிருந்து இங்கே ரயில் வருவதற்கு முன்பே, வெங்கடகிரிகோட்டை வழியாகக் கால் வீங்க நடந்து நாங்கள் இங்கே வந்தது அந்த வாசலை மறுபடி பார்க்கக் கூடாது என்றுதான். செத்தாலும் திரும்ப மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேன் என்றால், அடுப்பிடம்தான்.

பார்வதம்மா ஒரு வைத்தியம் சொன்னாள். பாம்புக்குப் பால் வாசம் பிடிக்குமாம். மறுநாள் மத்தியானம் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, காதுக்கு நேரே தட்டில் வெதுவெதுப்பான பாலை வைத்து, சாம்பிராணிப் புகை போட்டோம். லைனில் பாதிப் பேர் வாசலில் கூடி, மூச்சுக்கூட விடாமல் அவர் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் புருஷன் குறட்டை விட்டுத் தூங்கிப்போனார். பாலில் இரண்டு ஈ விழுந்தது. அந்த ஈக்களைப் பார்த்ததும் எனக்கு வந்ததே ஒரு கோபம், அதை இன்றைக்கு நினைத்தாலும் கை பரபரக்கிறது.

எழுந்து போய் அடுப்பு மூலையை மண்வெட்டியால் கொத்தினேன். பாம்பு அங்கேதான் இருந்தது. கையில் எடுத்தேன். வால் நுனியில் ஒரு சின்ன முள் இருக்கிறது. அதை வைத்து என் உள்ளங்கையில் குத்திப் பார்த்தது. வலிக்கவேயில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில், தோலுக்கு அடியில் இரண்டு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான் அதன் முகம். அத்தனை பேருக்கும் முன்னால் தலையைச் சாய்த்து, அதை என் காதிலேயே வைத்தேன்.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அது காதைத் தொட்டது, சில்லென்று இருந்தது. அப்புறம் திரும்பி, கழுத்து வழியாக இறங்கித் தோளிலிருந்து தரையில் விழுந்து, கொத்தின ஈரமண்ணுக்குள் தலையை நுழைத்தது.

"பாத்தீங்களா? அதுக்கு வேண்டியது மண்ணுதான். என் காதே வேணாம்னு போவுது, அவரு காதுல இன்னா வச்சிருக்கு?" என்றேன்.

பார்வதம்மா யோசித்தாள். "நீ முழிச்சினு இருந்தே இல்ல, அதான்," என்றாள். கூட்டம் அதை ஒப்புக்கொண்டு கலைந்து போயிற்று.

பாம்பை நான் விடவில்லை. பழைய பானையில் கறையான் புற்று மண்ணை நிரப்பி அதில் போட்டேன். அதை ஒருநாள் மேஸ்திரி முன்னால் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு. பகலில் கல் சுமந்துவிட்டு வந்து பானைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கறையான் முட்டையைத் தின்னும். மற்ற நேரம் மேல்மண்ணில் சும்மா கிடக்கும். மைன் சங்கு ஊதினால் என் பல்லே கூசும், அது அசையாது. பக்கத்தில் குனிந்து கத்தினாலும் அசையாது. ஆனால் நான் தண்ணீர்க் குடத்தை இறக்கித் தரையில் வைத்தால், எவ்வளவு மெதுவாக வைத்தாலும், உடம்பைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

நான்காம் நாள் சாயங்காலம் அவர் தரையில் சம்மணம் போட்டுக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாம்பு சட்டென்று சுருங்கியது. குடம் இறக்கவில்லை, யாரும் நடக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சம் விட்டு மறுபடி மறுபடி சுருங்கியது. எனக்குக் காதில் ஒன்றும் விழவில்லை.

"அந்தப் பக்கம் பெரிய ஷாப்ட்ல வெடி வச்சிட்டானுங்க," என்றார் அவர், களியை உருட்டிக்கொண்டே. "இன்னிக்கி ஆறு."

 அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். எப்படித் தெரிந்தது என்று கையைக் காட்டிக் கேட்டேன். அவருக்கே அப்போதுதான் உறைத்தது. தரையைத் தொட்டுக் காட்டினார். பானையைப் பார்த்தார். கண் இல்லாத, காது இல்லாத அந்தப் பாம்புக்கு மண் சொல்லிவிடுகிறது. எட்டு வருஷமாகப் பாறையில் வெறுங்காலோடு நின்ற மனுஷனுக்குச் சொல்லாதா?

மறுநாள் ஆரம்பித்தேன். வீட்டுக்குப் பின்னால் பாறை தெரிகிற இடத்தில் அவரைத் திரும்பி நிற்கவைத்து, இருபது அடி தள்ளிப் போய் உலக்கையால் குத்தினேன். எத்தனை என்று விரலைக் காட்ட வேண்டும். முதல் நாள் எல்லாம் தப்பு. இரண்டாம் நாளும் தப்பு. கால் விரல்களை அகலமாக வைத்து, குதிகாலை அழுத்தி, பல்லைக் கடிக்காமல் நின்றால் தெரிகிறது என்று மூன்றாம் நாள் அவரே கண்டுபிடித்தார். நான்கு வரைக்கும் சரியாக வந்தது. அடுத்தடுத்துக் குத்தினால் இரண்டை ஒன்றாக்கிவிடுவார்.

"போதும் மே. நான் இன்னா மாடா?" என்று ஒரு நாள் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முன்னால் போய் நின்று, அவர் என் வாயைப் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னேன். "மாடாயிருந்தா இந்நேரம் கத்துக்கினு இருக்கும் மாமா."

சிரித்துவிட்டார். மாசி மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எழுந்து நின்றார். நான் என் கை கொப்பளிக்கிற வரைக்கும் குத்தினேன். தண்ணீருக்குப் போகிறவர்களெல்லாம், கங்கம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது, வெறும் பாறையைக் குத்துகிறாள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு அவர் ஒன்று சொன்னார். "ரெண்டு வருசமா மேஸ்திரி எண்ணிக்க ஒரு தபா கூட கொறஞ்சதில்ல மே. எத்தினி தொளையோ அத்தினிதான் சொல்வாரு." நல்ல மேஸ்திரி என்று சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். என் புத்தி அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஷாப்ட் வாயில் என் புருஷன் எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். துளை போட்டு முடித்துத் திரி வைக்கிற நேரம். மேஸ்திரி என்னைப் பார்த்து, "பாம்பு வந்துச்சா?" என்று கத்தினார்.

"பாம்பு இல்ல. காது கேக்காது. ஆனா வெடி அவருக்குத் தெரியும். நீங்க எண்ணும்போது அவரும் எண்ணட்டும். ஒண்ணு தப்புனாலும் நாங்க மூட்டைய கட்டிக்கிறோம்."

எண்ணக் கூடாது என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மேஸ்திரி என்னை மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் முடியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. "எண்ணட்டும்," என்றார்.

எட்டுத் துளை. திரி கொளுத்திவிட்டு எல்லாரும் மேலே வந்தார்கள். வழக்கம் போல விரலைக் காதில் விட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேஸ்திரி கையைத் தூக்கி நின்றார், காலில் பூட்ஸ். என் புருஷன் வெறுங்காலை அகட்டிக் கண்ணை மூடி நின்றார்.

வெடித்தது. நானும் எண்ணினேன். ஷாப்டுக்குள் ஒரு வெடி மூன்று தடவை உருளும்; எது வெடி, எது எதிரொலி என்று பிரிக்க முடியாது. ஆனாலும் எனக்கு எட்டு என்றுதான் பட்டது.

"எட்டு," என்றார் மேஸ்திரி.

என் புருஷன் கண்ணைத் திறந்து ஏழு விரலைக் காட்டினார்.

 இத்தனை நாள் குத்தினதெல்லாம் வீண், இனி குடியாத்தம்தான் என்று நினைத்தேன். மேஸ்திரி சிரித்தார். ஆனால் என் புருஷன் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. அடுத்தடுத்து வந்த இரண்டை ஒன்றாக்கிவிட்டாரோ என்று கையைக் காட்டிக் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். ஏழுதான்.

என் காதை நம்புவதா, அவர் காலை நம்புவதா? மற்றவர்களைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்களேன். எட்டா, ஏழா? யாருக்காச்சும் தெரியாதா?"

காதிலிருந்து விரலை எடுத்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பார்வதம்மா புருஷன் ராஜப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். புகை அடங்கினால் கிழக்கு மூலையில் உளி பிடிக்க வேண்டியவர் அவர்தான்.

நான் கூடையைப் போட்டுவிட்டு ஏணி வாயில் போய் உட்கார்ந்தேன். "எந்திரி மே," என்றார் மேஸ்திரி. "அவரு ஏழுன்னா ஏழுதான். நீங்க யாரும் எறங்கக் கூடாது," என்றேன்.  நகரவில்லை.

என் புருஷன் என் தோளைத் தொட்டார். "நான் போயி பாக்கிறேன்," என்றார்.

புகை அடங்கும் வரை காத்திருந்து இறங்கினார். எட்டு என்றால் எங்கள் பிழைப்பு போயிற்று. ஏழு என்றால், வெடிக்காத மருந்துக்குப் பக்கத்தில் என் புருஷன் விளக்கோடு நிற்கிறார். இதில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் ஏணியின் மேல்கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பெல் கயிறு ஒரு தடவை இழுபட்டது. ஒன்று என்றால் நிறுத்து, யாரும் வராதே என்று அர்த்தம்.

மேலே வந்ததும் என் புருஷன் மேஸ்திரி முகத்துக்கு நேரே சொன்னார். "கெழக்கு மூல. தண்ணி எறங்கி திரி பாதியிலயே அவிஞ்சி கீது. மருந்து அப்படியே கீது."

மேஸ்திரி தானே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.  புதுத் திரி போட்டு அந்த ஒன்றை வெடித்தார்கள். என் புருஷன் என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். ராஜப்பா அப்படியே கல்குவியல் மேல் உட்கார்ந்து அழுதார். மறுநாள் காலையில் வேலைக்கு வரச் சொல்லி எங்களுக்கு ஆள் வந்தது.

அன்றைக்கே பாம்பைப் புற்றடியில் விட்டுவிட்டேன். மேஸ்திரி முன்னால் கொட்ட வேண்டும் என்ற வீம்பு எனக்குப் போய்விட்டிருந்தது. அது திரும்பிப் பார்க்காமல் மண்ணுக்குள் போயிற்று.

அடுத்த ஞாயிறு மத்தியானம், மாதா கோயிலிலிருந்து நேரே மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். பாய் போட்டேன். பாயில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். முதன்முறையாக அவர் மெதுவாகப் பேசினார். எவ்வளவு மெதுவாக என்றால், பாதி எனக்கே கேட்கவில்லை.

"அவனுக்கு இன்னா பண்ணினேம்மா நீ?"

"நீங்கதான் பாம்புன்னு சொன்னீங்களே," என்றேன். எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

"பாம்புன்னா அவனோட போச்சி. வெடின்னா அப்புறம் எல்லாரு காதையும் பாப்பாங்க இல்ல?" என் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "எனக்குக் காது போயி ரெண்டு வருசமாச்சி. தொளைய எண்ணி வச்சிக்குவேன். அத்தச் சொல்லுவேன். இத்தினி நாள் கடவுள் காப்பாத்தினாரு."

இரண்டு வருஷம். இந்த ஆள் சொன்ன எண்ணிக்கையை நம்பி ஒவ்வொரு நாளும் என் புருஷன் இறங்கியிருக்கிறார். உலக்கை கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதால் அவர் தலையில் போடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. சொல்லிக்கொடு என்பது போல என் புருஷன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"பூட்ஸ கழட்டுங்க," என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், கேட்கவில்லை. குனிந்து அவர் காலைத் தட்டிக் காட்டினேன். கயிறெல்லாம் இறுகிப் போயிருந்தது. அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. உள்ளே கால் வெளுத்து, குழந்தையின் கால் போல மெத்தென்று இருந்தது. இது பழக நாளாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

உலக்கையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மேஸ்திரி வெறுங்காலோடு பின்னாலேயே வந்தார். பாறைக்குப் பக்கத்தில் ராஜப்பா வந்து நின்றிருந்தார், யார் முகத்தையும் பார்க்காமல். அவருக்குப் பின்னால் முந்தானையைத் திருகிக்கொண்டு பார்வதம்மா நின்றாள்.

"எத்தினி நாளா கேக்கல?" என்று அவளைக் கேட்டேன்.

"போன தைலேருந்துக்கா," என்றாள்.

மேஸ்திரியையும் ராஜப்பாவையும் திரும்பி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, இருபது அடி எண்ணிப் போய்க் குத்த ஆரம்பித்தேன்.